புள்ளி வைத்த கோப்புறை

லாபிஸில் ஆ சோங் இரும்புக்கடைக்கு மேல்மாடி.
ஏழு சிபியூ, ஒரு காற்றாடி,
இடி முழங்குமுன் கழற்றிவிட வேண்டிய மோடம்.
மறந்துபோன ஒரு மார்ச்சில் மூன்று செத்தன.

புஷ்பலீலா வந்தது சனிக்கிழமை மத்தியானம்.
செம்பனை ஆலை எடைப்பாலத்தில்
குலை லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறவர்.
மோட்டார் சைக்கிளின் பின்னால் கணினி,
சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி,
மேலே ஒரு மழைக்கோட்டு.

ஆலை கழித்துப் போட்ட பெட்டிதான்,
நாற்பது வெள்ளி.
லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான்.
"வைரஸ் வராது, சுத்தம்" என்றேன் அன்றைக்கு;
மற்றதற்குக் காசு இல்லை என்பதை
இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

"வீடியோ வரலண்ணே.
சாம்பல் கலர்ல ஒரு கட்டம்,
நடுவுல புதிர்ப்படத் துண்டு மாதிரி ஒண்ணு.
அமுக்குன்னு சொல்லுது.
அமுக்கினா, ஒண்ணும் கிடைக்கலைன்னு
அதுவே சொல்லுது."

செருகுநிரல் இல்லை.
கிடைத்ததும் முப்பத்திரண்டுக்குத் தைத்த சட்டை,
உடம்போ அறுபத்துநாலு.
இடையில் ஒட்டுப்போட ஒரு பொதி உண்டு.
அது இன்னொரு பொதியைக் கேட்டது,
இன்னொன்று மூன்றைக் கேட்டது.
கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால்
வேன் பிடித்து வருவார்களே, அப்படி.

பதினெட்டு மெகாபைட்.
லைன் இழுத்து இழுத்து வந்தது.
கீழே லாரி போனபோது
மேசைமேல் திருகாணிகள் நடுங்கி
ஓர் ஓரமாய்ச் சேர்ந்தன.

இறங்கிய கோப்பு போய்ச் சேர வேண்டிய இடம்
புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்புறை.
"எங்கண்ணே? காணலையே."
"இருக்கு. பேருக்கு முன்னால புள்ளி வச்சா
கண்ணுக்கு மறைஞ்சிரும்."
கொஞ்சம் யோசித்தார்.
"நம்ம எழுத்துலயும் அப்படித்தானே,
புள்ளி வச்சா உள்ள இருக்கற அகரம் போயிடும்."

பன்னிரண்டு வருஷமாய்
இந்தக் கறுப்புத் திரையில் புள்ளி வைக்கிறேன்.
ஒருநாளும் தோன்றவில்லை.

உலாவியை மூடித் திறந்தேன்.
படம் வந்துவிட்டது:
பினாங்கில் ஏதோ விடுதி வராந்தா,
கொடியில் துண்டுகள்,
நீலச் சட்டையில் பத்து வயசுப் பையன்.
சத்தம் மட்டும் இல்லை.

விடுவேனா.
ஒலிப் பொதியைப் பிடுங்கி மறுபடி நட்டேன்.
மிக்சரில் ஊமையாய்க் கிடந்த
ஒவ்வொரு பட்டையையும் உச்சிக்கு ஏற்றினேன்.
ஆ சோங்கின் ஸ்பீக்கரை இரவல் வாங்கி வந்தேன்,
அது மட்டும் தன் பங்குக்கு இரைந்தது.
மூன்றரை. நாலு. நாலே கால்.
"அண்ணே" என்றார்.
"இருங்க, வந்துரும்."
"அண்ணே."
"வந்துரும்ங்க."

திரைக்கும் என் மூக்குக்கும் நடுவே
அவர் கை வந்து நின்றது.
"அதுல சத்தமே கிடையாதுண்ணே.
அவன் பேசிக்கிட்டுத்தான் இருக்கான்."

பையன் விரல்களை மடக்கினான்,
நெஞ்சைத் தட்டினான்,
காற்றிலிருந்து எதையோ பிய்த்து எறிந்தான்.
புஷ்பலீலா விழுந்து விழுந்து சிரித்தார்.
"இன்னைக்கும் சார்டின் கறியாம்."

அடுத்த மாசம் புதுப்பிப்பு வந்தது,
செருகுநிரல் படுத்துவிட்டது.
அதற்கடுத்த மாசமும்.
ஒவ்வொரு தடவையும் சைக்கிள் டியூப், மழைக்கோட்டு,
வேண்டாம் என்றாலும் மேசையில் ஐந்து வெள்ளி.
நான் கட்டளை அடிக்கும்போது
திரையைப் பார்க்க மாட்டார்,
என் விரல்களைப் பார்ப்பார்.

ஜூலையில் வரவில்லை.
வேறு கடைக்குப் போய்விட்டார் என்று
கொஞ்சம் கோபமாய்க்கூட இருந்தேன்.

ஆகஸ்டில் வந்தார், கணினி இல்லாமல்.
நெட்வொர்க் கேபிள் வேண்டுமாம், ஐந்து மீட்டர்.
"வீடியோ?"
"நானே போட்டுக்கிறேண்ணே.
பாஸ்வேர்டு அடிக்கறப்ப
ஒரு நட்சத்திரம்கூடக் காட்ட மாட்டேங்குதே,
ஏறலையோன்னு பயந்துட்டேன் முதல்ல.
அப்புறம் விரலை நம்பி அடிச்சேன்.
ஏறிடுச்சு."

கேபிளுக்கு ஆறு வெள்ளி.
தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது,
மோடத்தைக் கழற்றினேன்.