இடமிருந்து நான்காவது

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மாடிப்படி ஏறினால் இரண்டாவது கதவு.
கனத்த வண்டி போகும்போதெல்லாம்
மேசை லேசாய் நடுங்கும்.
அது அடங்கும்வரை
பேனாவைத் தூக்கிப் பிடித்திருப்பேன்.

பலகை ஓரிடம், திரை ஓரிடம்.
கை வரைவதைக் கண் பார்ப்பதில்லை.
பழக ஒரு மாதம் பிடித்தது.
அந்த மாதத்து மணப்பெண்கள் எல்லோருக்கும்
புருவம் நெற்றிக்கு ஏறிவிட்டது.

இப்போது
அழுத்தினால் கறுப்பு, தொட்டால் மூச்சளவு.
ரப்பர் வெட்டப் போகும் என் வீட்டுக்காரர் சொல்வார்:
கத்தி ஒரு நூல் கூடுதலாய் உள்ளே போனால்
மரம் அதை வருஷக்கணக்கில் வைத்திருக்கும்.
எனக்கு அந்தப் பயமில்லை.
இடக்கை இரண்டு விசையைத் தட்டினால்
எதுவுமே நடந்திருக்காது.

விஜிலா கருங்கல்லிலிருந்து வந்தாள்,
கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்.
பென்டிரைவில் ஒரே படம்.
தங்கச்சி கல்யாணத்தன்று
வீட்டு முற்றத்தில் பதினொரு பேர்.
திரையில் நகம் வைத்தாள்.
"இவன எடுக்கணும்."
இடமிருந்து நான்காவது.
"எனக்க தம்பிதான்" என்றாள்
நான் கேட்காமலே.
முந்நூறு ரூபாய் என்றேன்.
பேரம் பேசவில்லை.

ஆளை எடுப்பது நிமிஷ வேலை.
அவன் மறைத்திருந்ததை
நான்தான் உண்டாக்க வேண்டும்.
சுண்ணாம்புச் சுவரைப் பக்கத்திலிருந்து கிள்ளி
ஒற்றி ஒற்றி நிரப்பினேன்.
பாதியில் நின்ற ஜன்னல் கம்பியை
மீதிக்கு இழுத்துவிட்டேன்.
அத்தையின் தோளில் கிடந்த அவன் விரல்கள்
நான்கும்
பட்டுக்கரையாயின.
அப்படியும் அந்த இடம்
யாரோ எழுந்து போன நாற்காலி மாதிரி இருந்தது.
வெளிச்சமோ,
இரண்டு பக்கமும் நின்றவர்களின் சாய்வோ,
தெரியவில்லை.
அங்கே ஒரு குரோட்டன் செடி வரைந்தேன்.
மஞ்சளில் சிவப்புத் தெளித்த இலைகள்.
எந்தப் படத்தையும் பார்க்கவில்லை,
கையில் வந்தது.
முனை தேய்ந்து பலகையில் கீச்சிட
இரவு பதினொன்றரைக்கு முடித்தேன்.

இரண்டரை வருஷம் கழித்து
இடவப்பாதி மழையில் குடையை உதறிக்கொண்டு
அதே விஜிலா.
"அவன திரும்ப வைக்க முடியுமா?"
எங்கே இருந்தான் என்று
இந்த முறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.
"திக்கணங்கோட்டுலதான். ஒரு பஸ்ஸு தூரம்."

நான் எதையும் அழிப்பதில்லை.
அவன் ஒரு லேயரில்தான் இருந்தான்,
கண் குறியை அணைத்துவைத்த லேயரில்.
தட்டினேன்.
வந்து நின்றான்,
அன்றைய சிரிப்போடு,
சட்டைப் பைக்கு மேல் அன்றைய சாம்பாரோடு.
கறையை எடுக்கவா?
"கெடக்கட்டும்."
செடியை அணைத்தேன்.
பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

நாலாம் நாள் போன்.
விஜிலாவின் அம்மா, ஞானசவுந்தரி.
"பிள்ளே, படத்துல நின்ன செடிய
என்னத்துக்குப் பிடுங்கின?
நான் வச்ச செடியாக்கும் அது.
பாத்திரம் கழுவுன தண்ணி விட்டே வளத்தது.
பைப்பு போட வந்தவனுவ
எப்பமோ வெட்டிப் போட்டானுவ.
படத்துலயாவது நிக்கட்டும்."

அம்மா, அது நான் வரைந்தது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
இரண்டரை வருஷம்
அந்த வீட்டுச் சுவரில் பதினொரு பேரில் பத்துப்பேர்.
அவர் தினமும்
எந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்?
"செரி அம்மா" என்றேன்.

செடியைத் திரும்ப எழுப்பி
அவனுக்குப் பின்னால் தள்ளினேன்.
முக்கால்வாசி மறைந்துபோனது.
ஓர் இலை மட்டும்
அவன் காதோரம் எட்டிப் பார்த்தது,
சொருகிவைத்த பூ மாதிரி, கேலியாக.
அதை எடுத்துவிடலாம் என்று குனிந்தேன்.
மேலே ஏதோ லாரி போனது.
மேசை அடங்கட்டும் என்று
பேனாவைத் தூக்கிப் பிடித்தேன்.

அடங்கிய பிறகும்
கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தேன்.