பிழை: பூஜ்யம்

நவாக்சோத் கைபேசிச் சந்தையில்
என் மேசை இரண்டு முழ அகலம்.
அதன்மேல் கண்ணாடிப் பெட்டி,
அதற்குள் விரல்நகம் அளவு கறுப்புச் சில்லுகள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண்:
பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு.
எண்ணை அச்சடிக்க மை இருந்தால் போதும்.

இஸ்ஸெல்மூ வந்தபோது மணல்காற்று.
நுவாதிபூவிலிருந்து மீன் லாரி ஓட்டி வருகிறவர்.
உருகிய ஐஸ் வாடை அவருக்கு முன்னால் வந்து நின்றது,
பின்னால் மகள் லெம்னேயா, மூன்றரை வயது, வாய் ஓயவில்லை:
அந்த ஒட்டகத்துக்கு ஏன் செருப்பில்லை,
இந்தப் பெட்டியில் யார் தூங்குகிறார்கள்,
எனக்கு எப்போது பசிக்கும்.

பொத்தான் போனின் மின்கலத்தைக் கழற்றி
அடியில் கிடந்த கார்டை நகத்தால் நெம்பி
உள்ளங்கையில் ஏந்தி நீட்டினார்,
விழுந்த பல்லைப் பிள்ளை நீட்டுவது போல.

'இவள் பேசிய முதல் சொல் இதில் இருக்கிறது.
மீன் என்றாள்.
இல்லை, லாரி என்றாள் என்கிறாள் இவள் அம்மா.
இரண்டு வருடமாக வழக்கு. நீ தீர்த்து வை.'

கணினியில் செருகினேன்.
நானூற்றுப் பதினேழு ஒலிப்பதிவுகள்.
பெயர் இருந்தது, தேதி இருந்தது,
அளவு இருந்தது, கடைசி பைட் வரை.
முதல் அறுபத்தொன்று ஒலித்தன.
மிச்சத்தைத் திறந்தால் பூஜ்யம், பூஜ்யம்,
திரையின் அடிவரை உருட்டினாலும் பூஜ்யம்.

இப்படி ஒரு வகைக் கார்டு உண்டு.
வாய் அறுபத்துநான்கு, வயிறு எட்டு.
எட்டு நிறைந்த பிறகும் போதும் என்று சொல்லாது.
கொடு என்னும், வாங்கிக்கொண்டேன் என்னும்,
பெயரைப் பதிவேட்டில் ஏற்றும்,
பொருளைக் காற்றில் விடும்.
பழுதான கார்டாவது முரண்டு பிடிக்கும், சூடாகும்,
ஒருநாள் செத்துக் காட்டும்.
இது மரியாதை குறையாமல்
மூன்று வருடம் தலையாட்டியிருக்கிறது.

அந்த எட்டிலும் ஏழைப் பாட்டுகள் தின்றிருந்தன.

அறுபத்தொன்றையும் கேட்டோம்.
அழுகை. விக்கல். லாரி இஞ்சின்மேல் அழுகை.
தும்மல், அதற்கு யாரோ சிரிப்பது, மறுபடி அழுகை.
சொல் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே
கார்டு நிரம்பிவிட்டது.

முதல் பதிவைக் கடைசியாகத் திறந்தேன்.
சந்தை இரைச்சல். யாரோ பணம் எண்ணுகிறார்கள்.
பிறகு ஒரு குரல், நல்ல தெளிவாக:
'பாட்டெல்லாம் ஏற்றிவிட்டேன். இப்போது பேசிப் பாருங்கள்.
அசல் சரக்கு, ஹாமடி கடைச் சரக்கு,
சாகும்வரை உத்தரவாதம்.'

ஹாமடி நான்தான்.
யார் சாகும்வரை என்று அதில் சொல்லவில்லை.

இஸ்ஸெல்மூ என்னைப் பார்க்கவில்லை.
தேநீர்க் கோப்பையில் நுரை அடங்கும்வரை
நுரையைப் பார்த்தார்.
பிறகு, 'பெயர்களையாவது பிரதி எடு' என்றார்.
திரையில் விரல் வைத்து நேரங்களைப் படித்தார்.
ஏழு நிமிடம்: ஷாமியில் டயர் வெடித்த இரவு,
போனில் இவள் வெடிச்சத்தம் செய்து காட்டினாள்.
நாற்பது நொடி: சளி.
இரண்டு நிமிடம் ஆறு நொடி:
இதுதான், இதுதான் அந்த மீன்.
வெறும் பூஜ்யத்தைத் தொட்டுச் சிரித்தார்.

நான் லாரி என்று கேட்டிருந்தாலும்
மீன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

புதுக் கார்டை அவர் கண்முன் சோதித்தேன்.
முழுக்க எழுது, முழுக்கத் திரும்பப் படி, ஒப்பிடு.
மூன்று மணி நேரம்.
பக்கத்துக் கடை தெத்தா கேலி செய்தான்,
இப்படிப் பார்த்தால் நாளைக்கு நாலுதான் விற்பாய்.
இப்போது நாலுதான் விற்கிறேன்.
காசு வேண்டாம் என்றேன்.
மேசைமேல் அவர் வைத்ததை
எடுத்துக்கொள்ளவும் செய்தேன்.

கார்டைப் போட்டு, போனை அவள் வாயருகே பிடித்தார்.
'சொல்லு. எதையாவது சொல்லு.'
காலையிலிருந்து ஓயாத வாய்
இறுக மூடிக்கொண்டது.
என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்,
அப்பாவின் முட்டிக்குப் பின்னால் பாதி மறைந்தாள்.

பன்னிரண்டு நொடி.
தகரக் கூரையில் மணல் உரசுவது,
மூக்கை ஒருமுறை உறிஞ்சுவது.

எழுதியது. திரும்பப் படித்தேன்.
ஒப்பிட்டேன்.
பிழை: பூஜ்யம்.