இருப்புக் கணக்கு

எண்ணெய் விலை விழுந்த வருடம்
வடக்கு டகோட்டாவில் எங்கள் கம்பெனிக்கு மிஞ்சியவை
மூன்று லாரிகள், ஒரு காப்பி மெஷின்,
கொட்டகைக்குப் பின்னால் தரைக்குள் புதைத்த குழாயில்
விரல்நுனி அளவு அமெரிசியம்.

கிணற்றுக்குள் இறக்கினால்
பாறைக்குள் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடும்.
இப்போது யாரும் தோண்டுவதில்லை.
மெழுகுக் கவசத்துக்குள்
கேட்பாரில்லாமல் பேசிக்கொண்டே இருக்கிறது.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி டுவெய்ன்
ஜூலையில் டெக்சாஸ் போய்விட்டான்,
சாவிகளை என் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு.
நான் கோரின் ஹாக்லண்ட்,
சம்பளப் பட்டியல் போடுகிறவள்.
அப்போது போடுவதற்குச் சம்பளமும் இருந்தது.

அக்டோபரில் ஆய்வாளர் வந்தார், ஷார்லா வெட்ஸ்டைன்.
பூட்ஸ் சேற்றைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.
குரலை உயர்த்தவேயில்லை.
கசிவுச் சோதனை நாற்பத்தோரு நாள் தாமதம்.
அளவுமானிக்குத் திருத்தச் சான்றிதழ் காலாவதி.
உரிமத்தில் இருக்கும் பெயர் ஊரில் இல்லை.
எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது கேட்டார்:
'இங்கே ஹீட்டர் போடுவதில்லையா?'

கடிதம் பதினோரு பக்கம்.
பதில் முப்பது நாளில்.
மீறலுக்கான காரணம் என்ற இடத்தில்
'பணம்' என்று எழுதினேன்.
முதலாளி எல்டன் கூன்ட்ஸ் அதை அடித்துவிட்டு
'நிர்வாகக் கவனக்குறைவு' என்று எழுதச் சொன்னார்.
கவனம் மட்டும்தான் எங்களிடம் குறையாமல் இருந்தது.

சரி, மூடிவிடலாம் என்றோம்.

மூடுவதற்கும் உரிமம் ரத்தாக வேண்டும்.
உரிமம் ரத்தாக அது போயாக வேண்டும்.
எடுத்துப்போகிறவர்கள் சொன்ன விலை
மூன்று லாரியையும் விற்றால் வருவதைவிட
ஒன்பதாயிரம் டாலர் கூடுதல்.
இரண்டு லாரி ஏற்கனவே வங்கியுடையது.
சும்மா கொடுக்கலாம்,
வாங்குகிறவனிடமும் உரிமம் இருந்தால்.
இருந்த இரண்டு பேரும்
தங்களுடையதை எங்களிடம் தள்ளப் பார்த்தார்கள்.

யானை என்றால்
இறந்த பிறகாவது தந்தம் மிஞ்சும்.

நாற்பது மணி நேர வகுப்பு,
கட்டணம் என் கிரெடிட் கார்டில்.
கடைசி வரிசையில் உட்கார்ந்து
நியூட்ரானுக்கு ஈயம் ஒரு தடையே இல்லை என்று கற்றேன்.
பிப்ரவரியில் திருத்திய உரிமம் வந்தது:
பாதுகாப்பு அதிகாரி, ஹாக்லண்ட்.
வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு.
அதே வாரம் எல்டன்
திவால் மனுவில் கையெழுத்துப் போட்டார்.
சொத்துப் பட்டியலில் காப்பி மெஷினைச் சேர்த்தார்,
அதைச் சேர்க்க மறந்தார்.
நினைவூட்டினேன்.
'எந்தப் பக்கம் போடுவது,
சொத்திலா கடனிலா?' என்றார்.
வக்கீல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது கட்டடத்தில் மின்சாரம் இல்லை.
வெள்ளிதோறும் போகிறேன். விதி அப்படிச் சொல்லவில்லை;
ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும் என்கிறது விதி.
வேலியில் ஒரு பூட்டு, மூடியில் ஒரு பூட்டு.
மைனஸ் முப்பதில் இரண்டாவது திறக்காது,
லைட்டரைக் காட்ட வேண்டும்,
கையுறை கருகும்.
அளவுமானியைப் பிடித்தால் முள் லேசாக அசைகிறது.
அது சொல்வது உண்மை என்று சொல்லும் சான்றிதழ்தான் இல்லை.
நான் நம்புகிறேன், என் பொறுப்பில்.

பதிவேட்டில் தேதி, வரிசை எண், இடம்.
கடைசிக் கட்டத்தில் 'உள்ளது' என்று எழுதிக்
கையெழுத்துப் போடுகிறேன்.
அது பாதியாக நானூற்று முப்பத்திரண்டு வருடம்.
தாளில் இருபத்தைந்து வரி.
போன வெள்ளி கடைசி வரி.

புதுத் தாள் அச்சடிக்க
நூலகத்துக்குப் போனேன், பக்கத்துக்குப் பத்து சென்ட்.
எத்தனை என்று கேட்டாள் அந்தப் பெண்.
பையில் இருந்த சில்லறையை
எண்ணத் தொடங்கினேன்.