மைனஸ் முப்பத்தொன்று

கெமியில் அந்த வாரம்
கார்கள் கிளம்ப மறுத்தன.
நாங்கள் துறைமுகத்துப் பழைய மீன் கிடங்கில்
ஏழு பாட்டுகளைப் பதிவு செய்யப் போயிருந்தோம்.

இல்போவின் ஆம்ப் எழுபத்திரண்டாம் வருடத்தது.
தேவாலயச் சந்தையில் வாங்கியபோது
உள்ளே ஒரு எலி
டிரான்ஸ்பார்மரைக் கட்டிக்கொண்டு காய்ந்து கிடந்தது.
எலியை எடுத்துவிட்டான். வாசனை வரவில்லை, உள்ளேயே நின்றுவிட்டது.
வால்வுகள் சிவக்க ஐந்து நிமிடம்.
அதுவரை யாரும் பேசக் கூடாது என்பது அவன் சட்டம்.
'எழுபதுகளின் மணம்' என்று மூக்கை உறிஞ்சுவான்.
எழுபதுகளில் அவன் பிறக்கவே இல்லை.

நான் பேஸ். பகலில் பல் செட் செய்கிறேன்.
ஊரில் பாதிப் பேர் என் பற்களால்தான் சிரிக்கிறார்கள்.
அதிகம் சிரிப்பதில்லை.
டிரம்ஸ், துய்ரே. பனியுடைக்கும் கப்பலில் சமையல்காரி.
கரைக்கு வந்தும்
கால்களை அகட்டித்தான் நிற்பாள்.
பாடுகிற சிர்க்கு நகராட்சி நீச்சல் குளத்தில்
குழந்தைகளுக்கு மூச்சுப் பிடிக்கச் சொல்லித்தருகிறாள்.

நினைத்தது என்னவோ துள்ளல்தான்.
பெல்பாட்டம், மோட்டார் சைக்கிள், முடி பறக்கிற வேகம்.
நான்காம் பாட்டில்
'போறேன் போறேன்' என்று நாலு முறை வரும்.
வெள்ளி இரவு ஒரே டேக்கில் முடித்தோம்.
நன்றாகத்தான் இருந்தது.
ஹீட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

காலையில் இல்போ ரீல் மெஷினைப் போட்டான்.
மோட்டாரின் கிரீஸ் இரவெல்லாம் இறுகி மெழுகாகியிருந்தது.
நாடா நகர்ந்தது,
கல்யாண வீட்டிலிருந்து
கடைசியாகக் கிளம்புகிறவர் மாதிரி.

அதே ரிஃப்.
ஒவ்வொரு சுரமும்
தன் எடை தனக்கே இப்போதுதான் தெரிந்தாற்போல்
கீழே, இன்னும் கீழே போய் உட்கார்ந்தது.
துய்ரேயின் ஒரு அடி விழுந்தது.
அடுத்தது வருவதற்குள்
ஒருவன் வேலையை விட்டுவிடலாம்,
யோசித்து, திரும்பப் போய்ச் சேர்ந்தும்விடலாம்.
சிர்க்குவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து
'போறேன்' என்றது.
எங்கும் போகாது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

யாரும் கோட்டைக் கழற்றவில்லை.
துய்ரே சொன்னாள்:
'கடலில் இப்படித்தான். பனி உடனே உடையாது.
கப்பல் அதன் மேல் ஏறி உட்காரும்.
இஞ்சின் உறுமும், கோப்பைகள் நடுங்கும், வேறொன்றும் நடக்காது.
அப்புறம் எடை தன் வேலையைச் செய்யும்.'

அதற்குள் மோட்டார் சூடேறி
பாட்டு மெல்ல மெல்ல நேற்றைய சுருதிக்கு ஏறியது,
துள்ள ஆரம்பித்தது.
இல்போ பட்டென்று அணைத்தான்.
திருட்டுச் சாவியோடு பிடிபட்டவன் முகம் அவனுக்கு.

தந்திகளைத் தளர்த்தினோம்.
என் தடித்த தந்தி துணிக்கொடியாய்த் தொங்கியது.
மெதுவாக வாசிக்கிற கஷ்டம்
வேகமாக வாசிக்கிறவனுக்குத் தெரியாது.
இரண்டு அடிகளுக்கு நடுவே
ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூடக் கிடையாது.
இருக்கிறது நாம்தான், சும்மா, குளிரில்.
துய்ரே கட்டையை உயர்த்தி அப்படியே நிற்பாள்.
எனக்கு விரல் துடிக்கும்.
சிர்க்கு தண்ணீருக்கடியில் எண்ணுவதுபோல்
உதடு அசையாமல் எண்ணுவாள்.

ஏழு பாட்டு நாலாகியது.
மற்ற மூன்றுக்கும் இசைத்தட்டில் இடமில்லை.

முன்னூறு பிரதிகள்.
நூற்றுப் பதினாறு இன்னும் என் கட்டிலடியில்.
ஒன்றை யால்மரிக்குக் கொடுத்தேன்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்,
கீழ்ப்பல் செட் சரிபார்க்க வந்திருந்தார்.
அடுத்த வாரம் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.
'என்ன வேகம்! சமையலறையில் ஆடியேவிட்டேன்.
அந்தப் பொண்ணுதான் கொஞ்சம் கீச்சுக் குரல்.'

நாற்பத்தைந்தில் ஓடவிட்டிருக்கிறார்.

திருத்த வாயெடுத்தேன்.
அவர் சிரித்துக்கொண்டிருந்தார்,
மேலும் கீழும், என் பற்கள் முழுக்கத் தெரிய.
வாயை மூடிக்கொண்டேன்.