அரை ஆள், முழு விலை

மார்ச் முதல் வெள்ளி. புது வரவுகள் ஏழு.
கொடியேந்திய குதிரைவீரன் முன்பதிவிலேயே தீர்ந்துபோனான்.
தொப்பியில் ஓர் இறகு இருந்தால் போதும்,
காபி ஆறுவதற்குள் விற்றுவிடும்.
தேங்கிக் கிடப்பது ஏழாம் எண்:
‘பெரசினா ஆறு, நவம்பர் 1812.
பாலம் கட்டும் டச்சு வீரர் இருவர்.’
இருவரும் மார்புவரைதான்.
அதற்குக் கீழே தண்ணீர்,
கலங்கிய பச்சையில் ஊற்றி இறுகிய ரெசின்.
பனிக்கட்டிக்கு, நொறுக்கிய கண்ணாடி.

டெவென்டரில்
சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே
நாங்கள் மூன்று பேர்.
வீப்ரன் செதுக்குகிறான்.
ஒக்யே ஈயத்தை உருக்கி ரப்பர் அச்சில் வார்க்கிறாள்.
நான் பெட்டி கட்டுகிறேன்,
வசவுகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

நாமூரிலிருந்து ஒருவர்:
‘அரை ஆளுக்கு முழு விலையா?
மீதி ஆள் எந்த மாதம் வெளிவரும்?’
ஆர்ஹுஸிலிருந்து இன்னொருவர்,
பூதக்கண்ணாடி வைத்து எண்ணியிருக்கிறார்:
இடப்பக்கத்தவன் கோட்டில்
ஒரு பொத்தான் குறைகிறதாம்.
ராத்திரி முழுக்க ஆற்றில் நின்று
கட்டை அறைந்தவனுக்கு
ஒரு பொத்தான் அறுந்திருக்காதா
என்று எழுதினேன்,
அழித்தேன்.
‘அடுத்த வார்ப்பில் சரிசெய்கிறோம்’ என்று அனுப்பினேன்.

மூன்றாவது கடிதம் ஹார்லிங்கனிலிருந்து.
நீலப் பேனா, கோடு போட்ட தாள்.
‘நான் மதகுக் கதவுகளைப் பழுதுபார்க்கும் முக்குளிப்பாளன்.
தண்ணீருக்கு மேலே தெரிவது வேலையே இல்லை.
இவர்கள் கால்களை எப்படி ஊன்றியிருக்கிறார்கள்?
அகட்டியா, சேர்த்தா?
சேற்றிலா, கல்லிலா?
தெரிந்தால்தான் எனக்குத் தோளுக்கு வண்ணம் பூச வரும்.
இப்படிக்கு, தியார்ட் ஹுக்மா.’

படித்துக் காட்டினேன்.
வீப்ரன் ஒன்றும் பேசவில்லை.
மேசைக்கடியில் துழாவி
ஒரு புதினா மிட்டாய் டப்பாவை எடுத்தான்.
உள்ளே, பஞ்சில்,
இரண்டு ஜோடிக் கால்கள்.
முழு ஆளாகச் செதுக்கிவிட்டுத்தான்
மார்பில் ரம்பம் வைத்தானாம்.
‘கால் இல்லாமல்
தோள் எந்தப் பக்கம் சாயும் என்று
எனக்கு எப்படித் தெரியும்?’

விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.
உயரமானவனின் பூட்ஸ்மேல்
குட்டையானவன் ஏறி நிற்கிறான்,
இரண்டு பாதமும் அழுத்தி.

நாற்பது பெட்டி கட்டியவள் நான்.
இருவரும் ஒரே உயரம் என்றுதான்
நினைத்திருந்தேன்.

‘இதை ஏன் வெளியே சொல்லவில்லை?’ என்றாள் ஒக்யே.
‘சொன்னால்
தண்ணீரைத் தெளிவாக ஊற்று என்பார்கள்’ என்றான்.
‘அந்த ஆறு அன்றைக்குத் தெளிவாக இல்லை.’

ஒரே ஒரு ஜோடி வார்த்தோம்.
சரி, இரண்டு ஜோடி.
ரசீதில் எழுதினேன்: உதிரிப் பாகம், ஒன்று. விலை: இல்லை.
அஞ்சலகக்காரி குலுக்கிப் பார்த்து
‘உடையுமா?’ என்றாள்.
கால்கள், என்றேன்.
அவள் சிவப்பு முத்திரையைக் குத்தினாள்.

ஏப்ரல் பாதியில் ஒரு புகைப்படம் வந்தது.
ஹுக்மா வீட்டு அலமாரி, கண்ணாடித் தட்டு.
தட்டுக்கு மேலே இருவரின் மார்பும் கையும் சுத்தியலும்.
தட்டின் அடிப்புறம் ஒட்டி
அதே இடத்தில் கால்கள் தொங்குகின்றன.
பூட்ஸுக்கு அவர் கறுப்பு பூசவில்லை.
நீருக்குள் கறுப்பு கறுப்பாயிராது,
ஒரு மாதிரிச் சாம்பல்பச்சை என்று
பின்புறம் குறிப்பு.
நின்றால் அரை ஆள் தெரியுமாம்.
நாற்காலியில் உட்கார்ந்தால் மீதி.

இன்று வெள்ளி. மே மாத வரவுகள் ஆறு,
அதில் மூவருக்கு இறகு.
வீப்ரன் பீரங்கிக்குப் பின்னால் மண்டியிட்ட ஒருவனைச் செதுக்குகிறான்.
சக்கரம் மறைத்துவிடும் இடத்தில்
அவன் இடக்கைக்குள் எதையோ வைக்கிறான்.
நான் கேட்கவில்லை.

ஏழாம் எண் இதுவரை பத்தொன்பது விற்றிருக்கிறது.
ஒன்று திரும்பி வந்திருக்கிறது.
நாமூருக்குப் பதில் இன்னும் எழுதவில்லை.