நல்ல தண்ணீர்

தொள்ளாயிரம் பவுண்டுக்கு வந்த படகு.
இருபத்திரண்டு அடி.
டோல்ஸ்பரிச் சதுப்பின் ஒரு கீறலில் கட்டிக் கிடக்கும்,
ஓதம் வற்றினால் வலப்பக்கம் சாய்ந்து
சேற்றில் உட்கார்ந்துகொள்ளும்.
ஸ்குரூவை வைத்தால் உருளும், தேநீரை வைத்தால் வழியும்.
நானும் சாய்ந்தபடியே வேலை செய்யப் பழகினேன்.
திங்கட்கிழமை, ஆபீஸில்,
நேராக இருந்த மேசை கொஞ்ச நேரம்
கோணலாகத் தெரிந்தது.

முன்பு படகை வைத்திருந்த பெட்டிஃபர் இறந்து இரண்டு வருஷம்.
அவர் இழுத்த வயர் அத்தனையும் ஒரே பழுப்பு.
ஒவ்வொன்றிலும் பாய் தைக்கிற நூல்,
நூலில் முடிச்சுகள்.
ஒன்று என்றால் பாய்மர உச்சி விளக்கு,
இரண்டு கேபின்,
மூன்று ஆழம் காட்டும் கருவி.
ரேடியோவுக்கு ஐந்து. நான்கு ஏனோ கிடையாது.

"அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்" என்றார்
பக்கத்துப் படகு க்ளைவ்.
அப்படியானால் இருட்டில் எதிரே வருகிறவன்
எந்தப் பக்கம் போகிறான் என்று எப்படித் தெரியும்?
"இருட்டில் அவர் போனதே இல்லை."

முனையை நறுக்கினால் உள்ளே செம்பு இல்லை,
களிம்பு.
இன்னும் ஒரு விரற்கடை நறுக்கினேன், களிம்பு.
ஒரு சாண், ஒரு முழம்,
பச்சை உள்ளே போய்க்கொண்டே இருந்தது.
எல்லாவற்றையும் உருவிப் போட்டேன்.
வெள்ளீயம் பூசிய புது வயர்,
பன்னிரண்டு ஃப்யூஸ், கூரையில் ஒரு சோலார் தகடு,
லித்தியம் பேட்டரி:
அது இமெல்டாவின் ஆறு இரவு ஷிஃப்ட்.

தண்ணீர்ப் பக்கம் அவளுடையது.
பழைய டேங்கின் மூடியைத் திறந்து, பார்த்து,
ஒன்றும் சொல்லாமல் மூடினாள்.
அறுபது லிட்டர் ரப்பர்ப் பை வாங்கினோம்,
காலால் மிதிக்கிற பம்ப், புது ஹோஸ்.
ஹோஸின் கடைசிக் கிளிப்பை மட்டும்
நான் முடுக்கினேன்.

மிச்சம் ஏழு முடிச்சு வயர்.
சுவிட்ச் எதற்கும் வராமல் நேரே பேட்டரியில் தொடங்கி
தரைப்பலகைக்குக் கீழே போய் மறைந்தது.
டார்ச் அடித்தேன், இழுத்தேன், அசையவில்லை.
எங்கும் போகாத வயர் என்று
வெட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை கதவைத் தள்ளியபோது
சாய்ந்த பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர்.
என் செருப்பும் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும்
மிதந்து வந்தன வரவேற்க.

இமெல்டா கத்தவில்லை.
குனிந்து விரலை நனைத்து
நாக்கில் வைத்தாள்.
வந்தது வெளியிலிருந்தா உள்ளேயிருந்தா என்று
கேட்க வேறு கருவி இல்லை.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
உப்பாக இருக்கட்டும்.
உப்பு என்றால் ஓட்டை, ஓட்டை என்றால் படகின் குற்றம்.
குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கிக் குடித்த
தூத்துக்குடிக்காரி அவள்,
அந்த நாக்கு தப்பாது.

"நல்ல தண்ணி" என்றாள்.

பாத்திரத்தால் மொண்டு மொண்டு ஊற்றினோம்.
தரைப்பலகையைப் பெயர்த்தால், கடைசி மூலையில்,
என் கைமுட்டி அளவில் ஒரு பம்ப்,
பக்கத்தில் தண்ணீர் ஏறினால் தானே எழும்புகிற மிதவை.
எங்கும் போகாத வயர்
அங்கே போயிருந்தது.

ஒட்டினேன். இருமியது, இன்னொரு தடவை இருமியது,
பிறகு மிச்சத்தையெல்லாம் ஓடைக்குள் துப்பியது.
பகல் படகுக்காரர்
தான் இல்லாத இரவுகளுக்கு வைத்த காவல்.

கிளிப்பை இமெல்டா முடுக்கினாள். இரண்டு கிளிப்.
நான் புது வயரில் நூலைச் சுற்றி
ஏழு முடிச்சுப் போட்டேன்,
ஃப்யூஸ் பெட்டியில் அச்சடித்த லேபிள் இருந்தும்.

ஆறரைக்கு ஓதம் ஏறிப் படகு நிமிர்ந்தது.
தேநீரில் ஹோஸ் வாசம். குடித்தோம்.

படுக்கைக்குப் பின்னால்
எட்டு முடிச்சுடன் ஒரு வயர் இருக்கிறது.
அதை நாங்கள் தொடவில்லை.