எர்த்

சீட்டைக் கழற்றினேன். அடியில்
கம்பெனிக்காரன் மடித்துவைத்த வயர்க்கட்டு
கருப்பு டேப் சுற்றி, சமத்தாக.
இரவு எட்டு மணி. பழையபேட்டையில் கரண்ட் இல்லை.
பன்னிரண்டு வோல்ட்டுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

கீழ்வீட்டு குல்ஷாத் போனில் டார்ச் பிடித்தாள்,
மறுகையில் கொக்கி தைக்காத ஜாக்கெட்டோடு.
"ஊர் சுத்தப்போற வண்டிக்கு ரேடியோ எதுக்கு?
ஹெல்மெட்டுக்குள்ள நீயே பாடிக்கலாமே."
பாடிப் பார்த்திருக்கிறேன்.
அறுபதைத் தாண்டினால் எனக்கே கேட்பதில்லை.

ரவுண்டானா பக்கத்துக் கடையில் திம்மராயன்
பில் புத்தகத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்:
ஃபாக் லைட் ரெண்டு, சார்ஜர், ரேடியோ.
காத்து ஹாரன் கேட்டேன், அடித்துவிட்டார்.
"எஞ்சின் கொடுக்கிறது இவ்வளவுதாம்மா.
மேல எடுத்தா பேட்டரிகிட்ட கடன்.
சேலத்துல வாங்கினதைத் தொப்பூர்ல திருப்பிக் கேக்கும்."
என் சம்பளமும் இதே வகையில்தான் இறங்குகிறது;
புரிய நேரமாகவில்லை.

பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃப்யூஸ்.
ரிலே, மழை எட்டாத மூலையில்.
சாவி திறந்தால் மட்டும் உயிர் வர
டெயில் லைட்டிலிருந்து ஒரு மெல்லிய இழுவை.
டேங்குக்கு அடியில் முன்னே நீட்டி
ஹேண்டில்பார் கழுத்தருகே வந்ததும் நிறுத்தி,
இடக்கடைசி வரை திருப்பினேன். வலக்கடைசி வரை.
விறைத்தது.
நாலு விரல் தளர்த்திவிட்டேன்.
வளைவில் அறுகிறதெல்லாம்
நேரே நிற்கும்போது அளந்து வெட்டியது.

சாவி. பச்சை எண்கள். தருமபுரி வானொலி.
யாரோ கேழ்வரகுக்கு விதைநேர்த்தி சொல்கிறார்.
குல்ஷாத் துள்ளியதில் வெளிச்சம் கூரைக்குப் போய்வந்தது.
எஞ்சினைப் போட்டேன்.
ங்ங்ஙீஈஈ
முறுக்க முறுக்க ஏறுகிற ஒரு கொசு
விதையையும் நேர்த்தியையும் தின்றுவிட்டது.

ஒன்றரை மணி நேரம் அதைத் தேடினேன்.
ஆன்டெனாவில் இல்லை. ஸ்பீக்கரில் இல்லை.
எர்த்.
போல்ட் இறுக்கமாய்த்தான் இருந்தது,
பெயின்டின் மேல்.

ரப்பர் மேல் நிற்கிற வண்டி,
ஒரு பொட்டு மண்ணைத் தொடாதது.
அதற்கு எது எர்த்?
அதன் எலும்பேதான்.
எலும்பின் மேல் பளபளப்பு,
இருபத்துமூன்று தவணை பாக்கியிருக்கிற பளபளப்பு.
உப்புத்தாளை எடுத்தேன்.
ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு
வெள்ளை இரும்பு தெரிகிறவரை தேய்த்தேன்.
"புது வண்டிடீ" என்று குல்ஷாத் கண்ணை மூடிக்கொண்டாள்,
டார்ச்சை மட்டும் அசைக்காமல்.

கொசு செத்தது.

காலை ஆறு பத்து.
டோல்கேட்டில் இருசக்கரத்துக்குக் காசு இல்லை, ஓரச்சந்து.
எட்டு வருஷமாய் மூன்றாவது கூண்டுக்குள்ளிருந்து
வடக்கே போகிற எல்லோருக்கும் தடுப்பைத் தூக்கிவிட்டு
டியூட்டி வேனில் திரும்புகிறவள்
அந்தச் சந்தில் ஒருமுறையும் நுழைந்ததில்லை.
இன்று என் கூண்டில் கோமளவல்லி.
தலையை நீட்டினாள். கையசைக்க என்று நினைத்தேன்.
"ராயக்கோட்டை மண்டி, தக்காளி முதல் தரம்,
பெட்டி ஒன்றுக்கு" என்பதற்குள்
தாண்டிவிட்டேன்.

சூளகிரியை நெருங்க கன்னடம் உள்ளே வந்தது.
ஒரு பெண் சிரித்தாள், எதற்கென்று தெரியாது.
அடுத்த மேட்டில் தெலுங்கு, ஏதோ நகைக்கடை.
இறக்கத்தில் மறுபடி தருமபுரி,
இப்போது கத்தரிக்காய்.
எந்தப் பொத்தானையும் தொடவில்லை நான்.

சார்ஜரில் கிடந்த போன் அதிர்ந்தது.
ஓரம் கட்டிப் பார்த்தேன். கோமளவல்லி.
"பெட்டி எவ்ளோன்னு சொன்னாங்க?
அப்பா பறிக்கிறதா வேணாமான்னு
வரப்புல உக்காந்திருக்கார்."

கையுறையைக் கழற்றித் தட்டினேன்:
முந்நூத்தி நாப்பது.
பறிக்கச் சொல்லு.